பிழை விடாத நேசராஜா

நேசராஜா பதினோரு வருடமாக நாட்டு ரக்பி அணியின் வலது ஓரத்தில் ஆடிவந்தார். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் பந்தைத் தொட்டதில்லை. அதனால்தான் அவர் நாட்டின் ஆகச் சிறந்த ஆட்டக்காரராக இருந்தார்.

விசயம் சிக்கலானதல்ல. பந்து வைத்திருப்பவன்தான் பிழை விடுவான். கோச் ஜெகசோதி பதவிக்கு வந்த முதல் நாளே இதைக் கரும்பலகையில் எழுதிவைத்தார். அதன்பிறகு அந்தப் பலகையை யாரும் அழிக்கவில்லை, எழுதுவதற்கு வேறொன்றும் இருக்கவுமில்லை. பந்து நம் பக்கம் வந்தால், வந்த கையோடு அதை வானத்துக்கு உதைத்து எதிரணியிடம் சேர்த்துவிட வேண்டும். பிறகு பதினைந்து பேரும் ஒரே வரிசையில் நின்று எதிரணி பிழை விடும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதிரணியும் மனிதர்கள்தானே. அரை மணி நேரம் பதினைந்து பேர் ஒன்றுமே செய்யாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். பிழைக்கு மூன்று புள்ளி. ஆட்டம் மூன்றுக்குப் பூச்சியம் என்று முடியும். நாடு பதினோரு வருடமாகத் தோற்கவில்லை.

உதைப்பதற்கென்றே கிருபாகரன் என்றொருவர் இருந்தார். அவர் உதைத்தால் பந்து கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் மடியில் பயற்றங்காய் வைத்து முறித்துக்கொண்டிருப்பார்கள். பந்து மேலே போகும்போது நிமிர்வார்கள், மறைந்ததும் குனிந்து மிச்சத்தை முறிப்பார்கள். ஒரு ஆட்டத்தில் மூன்று நாள் சமையலுக்கான காய் முடிந்துவிடும். ரக்பியால் குடும்பங்களுக்குப் பிரயோசனமில்லை என்று அந்த நாட்டில் எவரும் குறை சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஆட்டக்காரர்களின் பிழைப் பட்டியல் வரும். கிருபாகரனுக்குப் புள்ளி போகாத சின்னப் பிழை இரண்டோ மூன்றோ இருக்கும், பாவம், உதைக்கிறவர் தொடத்தானே வேண்டும். நேசராஜாவின் பெயருக்கு எதிரே எப்போதும் பூச்சியம். ஊர்ச் சங்கத்தார் அந்தப் பூச்சியத்தைக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலையும் சூட்டி அவருக்குக் கொடுத்தார்கள். அது அவர் வீட்டு முன்னறையில் தொங்கியது. மனைவி தர்மினி வெள்ளிக்கிழமைகளில் அதைத் துடைத்துவைப்பாள்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மூன்றாம் ஆண்டு ‘பி’ வகுப்பால் ஒரு சங்கடம் வந்தது. வகுப்பு ரீச்சர், அப்பா அம்மா பார்க்கும் வேலையைப் பற்றி ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டும் என்றும், அந்த வேலைக்குரிய பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பேக்கரிக்காரரின் மகள் சங்கவி பாண் கொண்டுவந்தாள். வகுப்பே சாப்பிட்டது. நேசராஜாவின் மகள் அபிநிலாவுக்குத் திங்கட்கிழமை முறை.

“அப்பா, பந்து எப்பிடி இருக்கும்?” என்று வியாழக்கிழமை பின்னேரம் அவள் கேட்டாள்.

நேசராஜா யோசித்தார். பதினோரு வருடமாக அவர் பந்தைத் தலைக்கு மேலே ஒரு புள்ளியாகத்தான் பார்த்திருக்கிறார். புள்ளிகள் உருண்டையானவை.

“உருண்டையா இருக்கும்,” என்றார்.

“பாரமோ?”

“அவ்வளவு இல்லை.”

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்த அபிநிலா சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, “பந்து உருண்டை இல்லையாம். சங்கவியின்ர மாமா கிட்டப் பாத்தவராம்,” என்றாள். அவள் அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. அதன்பிறகு அவள் பந்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சாப்பிடும்போது சுவரில் தொங்கிய பூச்சியத்தை ஒருமுறை பார்த்தாள். நாடு முழுக்கத் தன்னைக் கொண்டாடுகிறது, தன் பிள்ளைக்குச் சொல்லத் தன்னிடம் ஒரு உண்மை இல்லை என்று நேசராஜாவுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை ஆட்டத்தில் வழக்கம்போல எதிரணி பிழை விட்டு நாடு மூன்று புள்ளி எடுத்திருந்தது. எழுபத்திரண்டாவது நிமிடத்தில் கிருபாகரன் உதைத்த பந்து மேலே போய் மறைந்தது. மேலே காற்று வேறு பக்கமாக வீசியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது அது நேரே நேசராஜாவை நோக்கி வந்தது. இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கோச் சொல்லிக்கொடுத்திருந்தார்: விலகி நின்று, விழவிட்டு, அடுத்த ஆள் வந்து உதைக்கும்வரை வேறெங்காவது பார்க்க வேண்டும். நேசராஜா இரண்டு கைகளையும் விரித்தார். பந்து நெஞ்சில் வந்து விழுந்தது. அவர் பிடித்துக்கொண்டார்.

அது உருண்டையாக இல்லை. இரண்டு பக்கமும் கூம்பி, நடுவில் தடித்திருந்தது. இவ்வளவு காலமும் உயரத்தில் இருந்ததால் நன்றாகக் குளிர்ந்துபோயிருந்தது, அதன் தோல் முழுக்கப் புல்லரித்திருந்தது. அவர் அதைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டார்.

முன்னால் நின்ற எதிரணியினர் மரியாதையாக ஒதுங்கினார்கள். அவருடைய சொந்த அணியின் பதினான்கு பேரும் அவரைச் சுற்றி ஓடி வந்து, அவருக்கு எதிரே ஒரே வரிசையில் நின்றார்கள். அதில் கோபதாபம் ஒன்றுமில்லை. பந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்கு எதிரே நிற்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த வேலை.

எண்பது நிமிடம் முடிந்ததற்கான மணி அடித்தது. ஆனால் பந்து ஒருவர் கையில் உயிரோடு இருக்கும்வரை ஆட்டத்தை முடிக்க முடியாது, அது சட்டம். எதிரணிக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் அவர்கள் நடுவரிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டார்கள். நடுவர் நேசராஜாவிடம் வந்தார்.

“எந்தக் கோட்டுக்குக் கொண்டுபோறீர்?”

“மூண்டாம் ஆண்டு பி வகுப்பு. ரீச்சரின்ர மேசை.”

நடுவர் தலையாட்டினார். “அங்க வைச்சு அமுக்கினால் அஞ்சு புள்ளி. இடையில விழுத்தினால் பிழை. முன்னுக்கு ஆருக்கும் குடுத்தாலும் பிழை. பின்னுக்குக் குடுக்கலாம்.”

“தெரியும்,” என்றார் நேசராஜா. பதினோரு வருடமாக அடுத்தவர் விடுவதற்காகக் காத்திருந்த பிழைகள் அல்லவா, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவர் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். பதினான்கு பேரும் பஸ்ஸின் முன்பக்கத்தில் அவரைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். நடுவர் எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய இடமாகப் பார்த்து மிதிபலகையில் நின்றுகொண்டார். நேசராஜாவுக்கு ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார், கைக்குழந்தைக்காரர் என்று நினைத்திருப்பார்.

வீட்டில் தர்மினி கேற்றைத் திறந்து பார்த்துவிட்டு, “எத்தினை பேருக்குத் தேத்தண்ணி?” என்று கேட்டாள்.

“நடுவரோடை பதினைஞ்சு. கோச் பிறகு வருவார்.”

அபிநிலா சற்று நேரம் பந்தைப் பார்த்தாள். “உருண்டை இல்லை,” என்றாள்.

“இல்லை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன், பிள்ளை.”

“நான் உங்களுக்குப் பின்னால நிண்டு வாங்கலாமோ?”

“வாங்கலாம்.”

அவள் யோசித்தாள். “இப்ப வேண்டாம். ரீச்சருக்கு முன்னால.”

கோச் ஜெகசோதி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். கதிரை போட்டும் உட்காராமல் வரிசைக்குப் பின்னால் நின்றார். நேசராஜாவை அணிக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். நேசராஜாவின் கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்க ஆள் வராதபோது தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

“நேசன், நீர் பிழை விடுவீர்,” என்றார் அன்போடு. “எல்லாரும் விடுறவைதான். நாங்கள் நிப்பம்.”

“நில்லுங்கோ கோச்.”

“நாட்டுக்கு மூண்டு, உமக்குப் பூச்சியம். இப்பவே குனிஞ்சு கீழ வைச்சீரெண்டால் ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. உம்மட பூச்சியமும் பூச்சியமாவே இருக்கும்.”

நேசராஜா முன்னறைச் சுவரைப் பார்த்தார். பிறகு பந்தைச் சட்டைக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டார். அன்றைக்கு முழுக்க ஒரு கையாலேயே முகம் கழுவினார், ஒரு கையாலேயே சாப்பிட்டார். தும்மல் வந்தபோது தர்மினி பின்னால் ஓடிவந்து அவருடைய இரண்டு முழங்கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நடுவர் குனிந்து பார்த்து, பிழையில்லை என்று கை காட்டினார். வரிசையிலிருந்து ஒருவரும் நேசராஜாவை நெருங்கவில்லை. தொடுவதும் ஒருவகையில் பிழையாகிவிடலாம். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறோம் என்று நேசராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த எதிரணிக்காரர்களை நினைத்து அவருக்கு முதல்முறையாகக் கவலையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. அபிநிலா வெள்ளைச் சீருடையோடு அப்பாவுக்கு ஒரு அடி பின்னால் நடந்தாள். முன்னால் பதினான்கு பேரும் பத்து அடி இடைவெளி விட்டு, வரிசை குலையாமல் பின்வாங்கிப் பின்வாங்கி நடந்தார்கள். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் இறங்கி வழிவிட்டார்கள். வாய்க்காலுக்குப் போட்டிருந்த ஒற்றைப் பலகை நனைந்து வழுக்கியது. அதில் கால் வைத்தபோது நேசராஜா ஒருமுறை சரிந்தார், பந்து சட்டைக் கழுத்தால் பாதி வெளியே வந்துவிட்டது. அவர் அதை நாடியால் அமுக்கிப் பிடித்து அப்படியே நின்றார். வரிசையில் எல்லோரும் ஒரேயடியாக மூச்சை இழுத்தார்கள். கிருபாகரன் மட்டும் மெல்ல, “இடது காலை முதல் வையுங்கோ அண்ணை,” என்றார். கோச் அதைக் கேளாதவர்போல வேலியைப் பார்த்தார்.

வகுப்பில் ரீச்சர் வந்தவர்களை உட்காரச் சொன்னார். இடம் போதாததால் அணியினர் பிள்ளைகளுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோச்சுக்குக் கடைசி வாங்கில், சுவரோடு ஒட்டி இடம் கிடைத்தது. சின்ன வாங்கு என்பதால் முழங்கால் இரண்டும் காதுவரை வந்தன.

நேசராஜா மேசைக்குப் போனார். வரவு இடாப்புப் புத்தகத்தை ரீச்சர் ஒரு பக்கமாக நகர்த்தினார். நேசராஜா பந்தை எடுத்து மேசையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். நடுவர் விசில் ஊதிக் கையை உயர்த்தினார். ஐந்து புள்ளி. நாட்டுக்கு மூன்று, நேசராஜாவுக்கு ஐந்து. பதினோரு வருடத்துக்குப் பிறகு நாடு தோற்றது. கோச் கடைசி வாங்கிலிருந்து, “நல்ல ஆட்டம்,” என்றார்.

“இதுக்குப் பிறகு ஒரு உதை இருக்கு. இரண்டு புள்ளி,” என்று நடுவர் ரீச்சரிடம் சொன்னார். “ஆர் உதைக்கிறது?”

கிருபாகரன் பழக்கதோசத்தில் பாதி எழுந்தார்.

“உதைக்க வேண்டாம்,” என்றாள் அபிநிலா. “தொட்டுப் பாக்கோணும்.”

அவள் பந்தைத் தூக்கினாள். இரண்டு நாளாகச் சட்டைக்குள் இருந்ததில் அது இளஞ்சூடாக இருந்தது, புல்லரிப்பும் பாதிக்குமேல் அடங்கியிருந்தது. “இது என்ர அப்பா வேலை செய்யுற பந்து,” என்று வகுப்புக்குச் சொன்னாள். “உருண்டை இல்லை. பாரமும் அவ்வளவு இல்லை.” அந்தப் பின்பாதியை அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

பிறகு அவள் முன் வாங்கில் போய் உட்கார்ந்து, பந்தைத் தனக்குப் பின்னால் இருந்த சங்கவியிடம் கொடுத்தாள். சங்கவி தடவிப் பார்த்துவிட்டு அடுத்த வாங்குக்குக் கொடுத்தாள். பிள்ளைகளும் பதினான்கு பேருமாக வாங்கு வாங்காகப் பின்னுக்குக் கைமாற்றினார்கள். எல்லாம் சட்டப்படி. கிருபாகரன் பந்தை மடியில் வைத்துக் காலை வாங்குக்கு அடியில் மடக்கிக்கொண்டார். கடைசியாக அது கோச் ஜெகசோதியிடம் வந்தது. அவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலால் பின்னுக்குக் கொடுத்தார்.

பின்னால் சுவர்தான் இருந்தது. சுவர் பந்தைப் பெற்று, தனக்கும் வாங்குக்கும் இடையில் பிடித்துக்கொண்டது.

பதினான்கு பேரும் எழுந்து, பிள்ளைகளின் காலை மிதிக்காமல் பின்னால் போய், சுவருக்கு எதிரே வரிசையாக நின்றார்கள். வலது ஓரத்தில் நேசராஜாவுக்கு வழக்கமான இடத்தை விட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்தார். முன் வாங்கில் அபிநிலா புத்தகப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவர் போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரீச்சர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். சுவர் பந்தை உதைக்கவில்லை, விழுத்தவுமில்லை. மத்தியானம் இடைவேளை மணி அடிக்கும்வரை அது பிழை எதுவும் விடவில்லை.