கால்வாய்க்கரை மண்டபத்தின் பின்கதவு

மொன்றியலில் கால்வாய்க்கரையோரம் நின்ற அந்த மண்டபம், நகரம் அங்கேயே முடிந்து காடு தொடங்கிய காலத்தில் மரம் வெட்டுபவர்களுக்காகக் கட்டிய சாராயக்கடை. மேடையில் பாட்டு, மூலையில் சூது, வாசலில் அடிதடி என்று சகல வசதியும் இருந்தது. குடித்தவர்கள் காசு கொடாமல் நழுவாதபடி முதல் முதலாளி பின்கதவைப் பூட்டி வைத்தார். ஓரிரவு விளக்குச் சரிந்தது. எரிந்தவர்களை அடக்கம் செய்தபின் அடுத்த முதலாளி சுவருக்குப் புதுப் பூச்சும் மேடைக்குப் புதுத் திரையும் போட்டார். கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டார்.

இது, அங்கே கூட்டித் துடைக்கும் ஞானேந்திரனுக்கு இப்போதைய முதலாளி ஜெரார் கிழவர் பெருமையோடு சொன்ன வரலாறு. எண்பத்தேழாம் ஆண்டு தையில் தங்கை மனோகரியின் கலியாணத்துக்கு அந்த மண்டபத்தை மலிவாகப் பிடித்துக் கொடுத்தவனும் ஞானேந்திரன்தான். ஆகவே கலியாணத்தன்று காலை பின்கதவைத் தேடிப் போனவனும் அவன்தான்.

பெரியப்பா உருத்திரமூர்த்தி, தெருப்பலகை கிழக்கென்று சொன்ன பக்கம் பார்த்து மணவறையை நிறுத்தியிருந்தார். றெஜிபோம் நுரைப்பலகையில் வெட்டிய தூண்கள், கடதாசிப் பூக்கள், நடுவே ஓமகுண்டம். மணவறையின் முதுகு பின்கதவை முழுதாக மறைத்தது.

"பெரியப்பா, கதவு..."

"ஏன், மாப்பிள்ளை ஓடப்போறாரோ?"

"நெருப்புப் பிடிச்சால் நாங்கள் எதாலை ஓடுறது?"

"நல்ல நாளிலை உன்ரை வாயிலை நல்ல சொல்லு வராதோடா?"

ஞானேந்திரன் யன்னலைக் காட்டினான். இந்த நகரத்தில் தெருவின் கிழக்கு ஒரு பக்கம், சூரியனின் கிழக்கு இன்னொரு பக்கம். மணவறைக்குப் பக்கவாட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பெரியப்பா அதை முறைத்தார். "இந்த நாட்டிலை சூரியனும் விசா இல்லாமல் கண்ட பக்கத்தாலை வருது."

ஐயர் சூரியனின் கட்சியில் சேர்ந்ததால் மணவறை திரும்பியது. ஞானேந்திரன் பூட்டைக் கழற்றிப் பின்கதவை இழுத்தான். திறந்தது. அப்பால் செங்கற்சுவர். குளிர் வராதிருக்கத் தானே கட்டியதாக ஜெரார் சொன்னார், அதையும் பெருமையோடுதான்.

அதற்குள் சனம் நிறைந்து முகூர்த்தமும் வந்துவிட்டது. ஐயர் கர்ப்பூரம் கொளுத்தினார். மிஞ்சியது முன்கதவு ஒன்றுதான். ஞானேந்திரன் சனத்தை விலக்கிக்கொண்டு அங்கே ஓடினான்.

வந்தவர்களெல்லாம் மரியாதையாகப் பனிச்சப்பாத்துகளைக் கழற்றி வாசலிலேயே குவித்திருந்தார்கள். குவியல் இடுப்பளவு. உள்பக்கமாகத் திறக்கும் அந்தக் கதவு ஒரு சாணுக்கு மேல் அசையவில்லை. அந்தச் சாணால் முதற்சோடியை வெளியே பனிக்குள் எறிந்தான்.

"டேய், ஆற்றை சப்பாத்தடா அது?" என்று சீதேவி மாமி கத்தினாள்.

"உங்கடைதான் மாமி. பேந்து தேடுவம்."

"வெறுங்காலோடை பனியுக்கை நிக்கிறதோ?"

"உயிரோடை நிக்கக் கிடைச்சால் போதும்."

பாட்டுப்பெட்டிக் கசற்றில் கெட்டிமேளம் முழங்கியது. புகைக்குள் மனோகரி கண்ணைக் கசக்கினாள். ஞானேந்திரன் இரு கைகளாலும் அள்ளி அள்ளி எறிந்தான். ஐயர் இன்னொரு கரண்டி நெய் விட்டார்.