பாவம் பார்த்துப் போட்ட புள்ளிகள்

பாலகுருவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, தூலூஸில் படிப்பு இருந்தது, கூச்சம் மட்டும் அறவே இல்லை. எண்பத்தைந்தாம் வருஷ விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தவன் ஒரு விளையாட்டுப் பெட்டியையும் தூக்கிவந்து, இனி எல்லோரும் தன்னை 'மேத்ரு', அதாவது பிரெஞ்சில் ஆட்டத் தலைவர், என்று கூப்பிட வேண்டும் என்றான். ஆட்டத்தில் ஆளுக்கொரு வேஷம். அதை வாயாலேயே நடிக்க வேண்டும். கதையை மேத்ரு நடத்துவான். தகராறு வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும்.

கமலவேணி அவன் தங்கைக்குக் கணக்கு சொல்லித்தர வந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைகிறது என்று அவளையும் உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிறும் அவள் விடவில்லை. கருவடிக்குப்பத்து மில் தொழிலாளி வீட்டில் முதன்முதலாக பி.எஸ்சி. முடித்தவள் அவள். காலேஜில் இடம் கிடைத்தபோது சலுகை என்றார்கள். முதல் வகுப்பில் தேறியபோது விடைத்தாள் திருத்தினவருக்கு நல்ல மனசு என்றார்கள். பகடைக்கு மனசே கிடையாது என்பதால்தான் அவளுக்கு அதைப் பிடித்திருந்தது.

இது விடுமுறையின் கடைசி ஞாயிறு. நாளைக்குப் பாலகுரு தூலூஸுக்குக் கிளம்புகிறான். இன்றைய போட்டியில் ஜெயிப்பவருக்கே பெட்டி, அவரே அடுத்த மேத்ரு. கமலவேணி திருடி. வக்கீல் வீட்டு ஜானகிராமன் தளபதி. கோட்டைச் சாவிக்காகச் சண்டை.

ஆளுக்கு இருபது புள்ளி. தன் முறை வரும்போது எவ்வளவு வேண்டுமானாலும் பணயம் வைக்கலாம். இருவரும் இரண்டு பகடையை உருட்டுவார்கள், கூட்டுத்தொகை பெரிதாக வந்தவருக்கு ஜெயம். வைத்தவர் ஜெயித்தால் எதிராளிக்கு அத்தனை புள்ளி குறையும். தோற்றால் தனக்கே குறையும். தீர்ந்தவர் அவுட். புள்ளிக்குப் பதில் புளியங்கொட்டை. அதை இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் போட்டு, காலண்டர் அட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தான் பாலகுரு. யாரிடம் எவ்வளவு என்று சொல்லமாட்டான். ஜாடைதான்.

"தளபதி லேசா வேர்த்திருக்கான். திருடிக்கு இன்னும் தெம்பு இருக்கு. ரெண்டு பேரும் கிட்டத்தட்ட சமம்" என்றான்.

கமலவேணி நிமிர்ந்தாள். அவள் மனக்கணக்கில் தனக்கு நாலு, ஜானகிராமனுக்குப் பதினேழு. போன சுற்றில் தோற்றபோதுகூட அட்டைக்குப் பின்னால் 'டிங்' என்று கொட்டை விழுந்த சத்தம் கேட்டது. தன் டம்ளரிலிருந்து எடுக்கும்போது எதற்கு விழுகிறது? எதிராளி டம்ளரில் கள்ளத்தனமாகப் போடுகிறான்.

"அட்டய எடு."

"எடுத்தா சுவாரசியம் போயிடும், கமலா."

"சுவாரசியத்த நான் பாத்துக்கறன். எடுக்கறியா, நான் எடுக்கட்டா?"

அவளே எடுத்தாள். ஜானகிராமன் டம்ளரில் சரியாகப் பதினேழு. அவளுடையதில் பதிமூன்று.

அவளுக்குக் காது சுட்டது. திருட்டு அவளுக்கு எதிராக நடக்கவில்லை. அவளுக்காக நடந்திருக்கிறது.

"பாவமா இருந்துச்சு. நீ இந்தப் பொட்டி மேல ரொம்ப ஆசையா இருந்த..." என்றான் பாலகுரு.

"எத்தினி வாரமா பாவமா இருக்குது?"

அவன் விசிறியைப் பார்த்தான்.

"ஓ. அப்ப போன வாரம் ஆட்டத்துல நான் டிராகன கொன்னதும் உன் கொட்டயிலதானா?"

ஜானகிராமன் சிரித்தான். "உடு கமலா. கெடச்சத வெச்சிக்கினு ஆடு."

அந்த வார்த்தையை அவள் வேறு வேறு வாயிலிருந்து போதுமான அளவு கேட்டிருந்தாள். தன் டம்ளரைக் கவிழ்த்து நாலு கொட்டையை மட்டும் எண்ணி எடுத்துத் தரையில் வைத்தாள். மீதியைப் பாலகுருவின் சட்டைப் பையில் கொட்டினாள். எதிராளியின் பதினேழையும் நடுவில் பரப்பினாள்.

"இப்ப ஆடு. உன் மொறதான்."

நாலு கொட்டையைப் பார்த்ததும் ஜானகிராமனுக்கு உடம்பே அகலமாகிவிட்டது. கையால் அத்தனையையும் முன்னே தள்ளினான்.

"பதினேழும் வெக்கறன்."

"லூசு, நாலு வெச்சா போதும். ஜெயிச்சா நான் அவுட். தோத்தாலும் உன்கிட்ட பதிமூணு மிச்சம் இருக்கும்."

"எனக்கே கணக்கு சொல்றியா? நாலு கொட்டய வெச்சிக்கினு இன்னா வாயி உனக்கு. தளபதி சில்லறையா வெக்கமாட்டான்."

"நான் சொல்லிட்டன். மேத்ரு, நீ சாட்சி."

ஜானகிராமன் உருட்டினான். ஐந்து. முகம் கொஞ்சம் சுருங்கியது. அவள் பகடையை ஊதவில்லை, சாமி கும்பிடவில்லை, அப்படியே போட்டாள். எட்டு.

பதினேழு கொட்டையும் தரையில் கிடந்தன. அவற்றைத் தொடும் உரிமை அவனுக்கு இல்லை. ஜானகிராமன் இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தான். பகடை இரண்டே இரண்டுதான், மறுபடி கூட்ட ஒன்றுமில்லை.

"நீ காட்டினதாலதான் நான் மொத்தமா வெச்சன். மறைச்சே இருந்தா பாத்து ஆடியிருப்பன்" என்றான்.

"ஆமா. கண்ணால பாத்தும் உனக்கு அவ்ளோதான் புத்தி. நான் இன்னா பண்றது?"

பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்தாள். நல்ல கனம். பாலகுரு பின்னாலேயே வாசல்வரை வந்து, மொபெட் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தான்.

"கொண்டாந்து உடட்டா? இல்ல, இதுவும் பாவம் பாக்கறன்னு திட்டுவியா?"

"அது வேற, இது வேற. எனக்குக் கை வலிக்குது, உன்கிட்ட வண்டி இருக்குது" என்றாள் கமலவேணி. "மேத்ரு சொல்றன், எடு வண்டிய."