உப்புத் தண்ணீர் குடித்த புகைக்கப்பல்

தர்காக் கந்தூரி விழாவுக்காக மறுநாள் அக்கரை மக்களைப் படகில் ஏற்றிவர வேண்டும். புதன்கிழமை காலையில் பக்கிரி, ஆறிக் கிடந்த நெருப்பறைக்குள் தலையையும் தோளையும் நுழைத்து, சிறு சுத்தியலால் பாய்லரின் தகட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். மூன்று இடங்களில் அப்படித்தான் ஒலித்தது. நான்காவது இடத்தில் ஈரச் சுவரைத் தட்டியது போலத் 'தொப்'பென்றது.

அந்த இடத்தைக் கையால் தடவினார். போன வாரம் சாஸர் அளவுக்கு இருந்த வீக்கம் இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்திருந்தது.

வெளியே வந்து, முகத்துக் கரியைக்கூடத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்தார்.

முத்துப்பேட்டைக் காயலில் அந்தத் தொண்ணூற்றைந்தாம் வருஷத்திலும் நீராவியில் ஓடிக்கொண்டிருந்த ஒரே சரக்குப் படகு அது. பக்கவாட்டில் 'பரக்கத்' என்று எழுதியிருந்தாலும் ஊரில் அதற்குப் புகைக்கப்பல் என்றுதான் பெயர். முதலாளி ஜெக்கரியாவின் தகப்பனார் ஏலத்தில் எடுத்தது. இதற்கு ஜோடியாக இருந்த இன்னொன்றை எட்டு வருஷத்துக்கு முன்பே வெட்டி இரும்பாக விற்றாகிவிட்டது. முன்பெல்லாம் தினமும் அக்கரை உப்பும் நெல்லும் தேங்காயும் இதில்தான் வரும். புதுப் பாலம் வந்து லாரிகளும் வந்தபின் வாரத்தில் இரண்டு நடை கிடைத்தால் அதிகம்.

ஆனால் கந்தூரி நடை மட்டும் ஒரு வருஷமும் தவறியதில்லை. காயல் கரையிலுள்ள தர்காவில் கந்தூரி நடக்கும். அதற்கு முந்தின நாள் மதியம், புகைக்கப்பல் அக்கரைக் குப்பங்களுக்குப் போய் அங்குள்ளவர்களையும், அவர்கள் நேர்ந்துகொண்ட அரிசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வரும். கூலி கிடையாது. இந்துவா முஸ்லிமா என்ற கேள்வியும் கிடையாது. ஜெக்கரியாவின் குடும்பம் நாற்பது வருஷமாகச் செய்துவரும் காரியம் இது. இருநூறு பேர் ஏறுவார்கள். இடம் போதாமல் பெண்களும் பிள்ளைகளும் பாய்லரை ஒட்டியே உட்காருவார்கள்.

அந்தப் பாய்லர் வெடித்தால் என்ன ஆகும் என்று பக்கிரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தகடு இப்படிக் கெட்டதற்குக் காரணம் தானே என்பதும் அவருக்குத் தெரியும். பாய்லருக்கு ஊற்றுவது ஆற்றுத் தண்ணீர். மேட்டூரில் புறப்பட்ட காவிரி கடைசியாக வந்து சேரும் கடைமடை இது. இங்கே வயல் குடிக்கும் தண்ணீரைத்தான் பாய்லரும் குடிக்கும். அந்த வருஷம் அணை திறப்பது தள்ளிப்போனது. ஆனியில் ஆறு வறண்டு, ஊர்க் குளமும் வறண்டது. அந்த நேரம் பார்த்து, குறித்த நாளுக்குள் உப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதாக ஜெக்கரியா ஒரு வியாபாரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறினால் மிச்சமிருக்கும் சரக்கும் லாரிக்குப் போய்விடும். பக்கிரி பதினோரு நாள், கடலிலிருந்து வாய்க்காலில் ஏறி நின்ற உப்புத் தண்ணீரையே பாய்லருக்கு ஊற்றினார். உள்ளே உப்புப் படிந்தால் தகடு சூடு தாங்காமல் வீங்கும்.

"நல்ல தண்ணி கிடைச்சுதா பக்கிரி?" என்று முதலாளி கேட்டார்.

"கிடைச்சுதுங்க" என்றார் பக்கிரி.

பங்குனியில் அதிகாரிகள் பாய்லரைச் சோதித்துக் கொடுத்த சர்டிபிகேட், சட்டம் போட்டு முதலாளி வீட்டுச் சுவரில் தொங்கியது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனியில் நடந்தது காகிதத்துக்கு எப்படித் தெரியும்? மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசும் ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பொய் பக்கிரியின் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மதியம் சாப்பாட்டுக்குப் போனவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி தங்கமணி சற்று நேரம் பார்த்தாள்.

"என்னங்க, சோறா களிமண்ணா? எவ்வளவு நேரம் பிசைவீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தங்கமணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எப்படிச் சொல்றது? அவரு வாப்பா வாங்கின கப்பல். அதைப் பாத்துப் பாத்துத்தான் அந்த மனுஷன் இருக்காரு. நிறுத்துங்கன்னு சொன்னா உசிரே போயிடும் அவருக்கு."

"அவரு உசிரு பத்தி அப்புறம் பேசலாம். நாளைக்கு எங்க அக்காவும் அக்கா மக்களும் அக்கரையில ஏறுறாங்க. நானும்தான் போயி ஏறி வரப்போறேன். எங்க உசிரு?"

"ஸ்டீமைப் பாதிக்கு மேல ஏத்தாம மெல்ல ஓட்டினா…"

"ஆமா, பாதி ஸ்டீம்ல வெடிச்சா பாதி உசிருதான் போகும்!" என்றாள் தங்கமணி. பிறகு குரல் தணிந்தாள். "சிங்கப்பூர்லேருந்து நம்ம குணசேகரன் ஒவ்வொரு கடுதாசியிலயும் என்ன எழுதுறான்? அந்த அடுப்பை விட்டு இறங்கி வாங்கப்பான்னுதானே. எந்திரிங்க. நீங்க போகலைன்னா நான் போறேன்."

அவர் எழுந்தார். மாலை அசர் தொழுகை முடிந்து ஜெக்கரியா வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போனார்.

வாசலில் ஒரு ஜோடிப் புதுச் செருப்பு கிடந்தது. உள்ளே கும்பகோணத்து நாகநாதன் உட்கார்ந்திருந்தார். பழைய இரும்பும் பித்தளையும் வாங்கி விற்பவர்.

"பாய், நாலாவது தடவையா வந்திருக்கேன். நான் கொடுத்த பஸ் சார்ஜே உங்க கப்பல் எடைக்கு வந்துடும் போலிருக்கு."

"வர வேணாம்னு மூணு தடவையும் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. ஏன்னு சொல்லலியே."

"அது உனக்கெதுக்கு? விக்கிறதா இல்லை. டீயைக் குடிச்சியா? கிளம்பு."

நாகநாதன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். பக்கிரியைப் பார்த்ததும், "பெரியவரே, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. துருவெல்லாம் காத்துல பறந்து போறதுக்குள்ள" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பக்கிரி வாசலிலேயே நின்றுவிட்டார். வாங்க வந்தவனையே இப்படி விரட்டுகிற மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? சத்தமில்லாமல் திரும்பி நான்கு எட்டு வைத்திருப்பார்.

"பக்கிரிண்ணே!" ஜன்னலிலிருந்து ஜெக்கரியாவின் மனைவி ஜன்னத் பீவியின் குரல் வந்தது. "வந்த காலோட எங்க திரும்புறீங்க? உள்ள வாங்க. காலுல தீப்பட்ட புண்ணு ஆறிச்சா? துபாய்லேருந்து எங்க பையன் தௌபீக் அனுப்பின களிம்பு இருக்கு, எடுத்து வைக்கிறேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு திரும்பிப் போகப் பக்கிரியால் முடியவில்லை. உள்ளே போனார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"முதலாளி, நாளைக்குக் கப்பல் ஓடக்கூடாது."

"என்னது?"

"பாய்லர் தகடு வீங்கிடுச்சு. ஆனி மாசம் நல்ல தண்ணி கிடைக்கலீங்க. பதினோரு நாளு உப்புத் தண்ணியத்தான் ஊத்துனேன். நீங்க கேட்டப்ப கிடைச்சுதுன்னு சொன்னது பொய்."

ஜன்னத் பீவி கையில் களிம்போடு வாசற்படியிலேயே நின்றார். ஜெக்கரியா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா இதோடயா ஓட்டினே?"

"ஸ்டீமைக் குறைச்சுத்தாங்க ஓட்டுனேன். சரக்கு நடைதானே. சுக்கான்காரரு தள்ளி நிக்கிறாரு. பாய்லர்கிட்ட நான் ஒருத்தன்தானேன்னு…"

"நீ ஒருத்தன்னா?" ஜெக்கரியா எழுந்துவிட்டார். பக்கிரி அவரிடம் அப்படியொரு கோபத்தைக் கண்டதில்லை. "நீ ஒருத்தன்னா போனா போகுதா? தங்கமணிக்கு நான் என்னய்யா பதில் சொல்லுவேன்? நட, காட்டு."

இருவரும் படித்துறைக்கு நடந்தார்கள். ஜெக்கரியா வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட்டுவிட்டு, பனியனோடு நெருப்பறைக்குள் தலையை நுழைத்தார். உள்ளேயிருந்து கணீர் கணீர் என்று சத்தம் வந்தது. பிறகு அந்தத் 'தொப்'. இன்னொரு தடவை தட்டினார். மீண்டும் 'தொப்'.

வெளியே வந்து, கரி படிந்த முகத்தோடு பலகையில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. பக்கிரி கைகளைக் கட்டிக்கொண்டு, வரப்போகும் வார்த்தைக்காகக் காத்து நின்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஜெக்கரியா.

பக்கிரிக்குப் புரியவில்லை.

"உன் வாயைத் திறக்க வச்சானே, அந்த அல்லாஹ்வுக்கு நன்றி சொல்றேன். இன்னொண்ணுக்கும் சேத்துத்தான் சொல்றேன். நாகநாதனை நாலு தடவை ஏன் விரட்டினேன், தெரியுமா?"

"உங்க வாப்பா வாங்கின கப்பல்…"

"வாப்பா மவுத்தாயி இருபது வருஷமாச்சு. போறப்ப அவரே சொல்லிட்டுத்தான் போனாரு, இது யானை மாதிரி தின்னும், சீக்கிரம் தள்ளி விட்டுடுன்னு. உனக்காகத்தான்யா வச்சிருந்தேன்!"

"எனக்கா?"

"நீதானே போன ஆயுத பூசையில பாய்லருக்குக் குங்குமம் வச்சு, பொரிகடலை கொடுத்து, 'இதுதான் என் உசிரு, இது நின்னா நானும் நின்னுடுவேன்'னு அத்தனை பேரு முன்னாடி சொன்னே? அன்னிக்கே தௌபீக்குக்கு எழுதிட்டேன், இப்ப விக்க முடியாதுடான்னு."

"ஐயோ முதலாளி, அது சாமி முன்னாடி மனசு நெறஞ்சு சொல்றதுங்க! உள்ளதைச் சொன்னா, இந்தச் சூட்டுல நிக்க எனக்கு ஒரு நாளும் பிடிச்சதில்லை. நீங்க வருத்தப்படுவீங்களேன்னுதான் விறகு தள்ளிக்கிட்டு நிக்கிறேன்."

ஜெக்கரியா அவரை வாய் திறந்தபடி பார்த்தார்.

"நம்ம சுக்கான்காரரும் விசைப்படகுல சேர எப்பவோ பேசி வச்சிருக்காரு. நம்ம ரெண்டு பேருகிட்டயும் சொல்லத்தான் அவருக்குப் பயம்" என்றார் பக்கிரி.

ஜெக்கரியா சிரிக்க ஆரம்பித்தார். கரி முகத்தில் கண்ணீர் இரண்டு கோடு போட்டது. பக்கிரியும் அவர் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து சிரித்தார். முப்பது வருஷத்தில் முதலாளியின் அருகில் அவர் உட்கார்ந்தது அன்றுதான். ஒருவர் மனம் நோகக்கூடாது என்று நினைப்பது நல்ல குணம்தான். ஆனால் அதை மூடியே வைத்திருந்தால் அதுவும் ஒரு நாள் தகட்டை வீங்க வைத்துவிடும் போலிருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் ஜெக்கரியா கேட்டார்: "அப்ப நாளைக்கு அந்த சனம் எப்படி வரும்?"

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. குஞ்சிதபாதத்திடம் நான்கு லாரிகள் இருந்தன. புகைக்கப்பலின் உப்புச் சரக்கை எடுத்துக்கொண்டது அந்த லாரிகள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு கடைத்தெருவில் அவர் வணக்கம் சொன்னபோது ஜெக்கரியா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் பேச்சில்லை.

"நான் போயி கேட்டுட்டு வரட்டுங்களா?" என்றார் பக்கிரி.

"முகத்தைத் திருப்பினது நான். நான்தான் போகணும். நீயும் கூட வா."

லாரி செட்டில் குஞ்சிதபாதம் டயர் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். இருவரையும் கண்டு நிமிர்ந்தவர், ஜெக்கரியாவின் முகத்தையே பார்த்தார்.

"என்ன பாய், கரி யாவாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?"

ஜெக்கரியா அப்போதுதான் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். கைவிரல்கள் கறுத்தன. சொல்ல நினைத்து வந்த பேச்சு மறந்துபோனது.

"குஞ்சிதபாதம், அன்னிக்குக் கடைத்தெருவுல நான் நடந்துக்கிட்டது தப்பு. அதைச் சொல்லத்தான் முதல்ல வந்தேன். ரெண்டாவது, நாளைக்கு அக்கரை சனத்தைக் கந்தூரிக்குக் கூட்டிட்டு வரணும். கப்பல் முடியாது. நியாயமான வாடகை…"

"வாடகையா?" குஞ்சிதபாதம் டயரை விட்டுவிட்டு வந்தார். "எங்கம்மா இருந்தவரைக்கும் ஒவ்வொரு கந்தூரிக்கும் அக்கரையிலேருந்து உங்க கப்பல்லதான் வந்தாங்க. நீங்க டிக்கெட்டா கேட்டீங்க? ஒரு லாரி மன்னார்குடி போயிருக்கு. மிச்சம் மூணும் உங்களுக்குத்தான். முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க பாய், டிரைவருங்க பயந்துடப் போறாங்க."

பக்கிரி நேராகப் படகுக்குத் திரும்பினார். அடியிலிருந்த குழாயைத் திறந்துவிட்டார். பாய்லரில் இருந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் காயலில் ஓடியது. தீர்ந்து, குழாய் சொட்டுச் சொட்டாக வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வருத்தம் வருமென்று எதிர்பார்த்தார். பசிதான் வந்தது.

மறுநாள் மதியம் மூன்று லாரிகள், தரையில் வைக்கோல் பரப்பி, பாலம் வழியாக அக்கரையைச் சுற்றிக்கொண்டு போயின. முதல் லாரியின் முன்பக்கம், டிரைவருக்கு அடுத்து ஜெக்கரியாவும் பக்கிரியும் இருந்தார்கள்.

"நாகநாதனுக்கு எழுதிடட்டுமா?" என்றார் ஜெக்கரியா. "இல்லே, பாய்லரை மட்டும் எடுத்துட்டு டீசல் எஞ்சின் போடலாமாம். சுக்கான்காரரு சொல்றாரு."

"எதுவா இருந்தாலும் சரிங்க. கந்தூரி முடியட்டும்."

"நீ என்ன பண்ணுவே?"

"பையன் சம்பாதிக்கிறான் முதலாளி. நான் கொஞ்ச நாளைக்கு நல்லாத் தூங்கப் போறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. பாலம் வருவதற்குள் தூங்கியும் விட்டார்.

குப்பத்து மக்களுக்குப் புகைக்கப்பல் வராதது முதலில் ஏமாற்றமாக இருந்தது. லாரி குலுங்கத் தொடங்கியதும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அதன்பின் யாரும் கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. தங்கமணியின் அக்கா மட்டும், "கப்பல்லன்னா மூச்சு முட்டும். இதுல இடுப்பு ஒடியுது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்.

தர்காவை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அரிசி மூட்டைகளைச் சமையல் கொட்டகைக்குத் தூக்கிச் சென்றார்கள். பக்கிரி லாரியின் பின்பக்கம் நின்றுகொண்டார். கிழவிகளுக்குக் கை கொடுத்தார். பிள்ளைகளை அக்குளில் பிடித்து இறக்கினார். ஒவ்வொருவர் இறங்கும்போதும் அவர் உதடு அசைந்தது. மூன்று லாரிக்கும் அப்படியே செய்தார்.

கடைசியாக இறங்கியவள் தங்கமணி.

"என்ன முணுமுணுத்துக்கிட்டு நிக்கிறீங்க? மந்திரமா?"

"எண்ணிக்கிட்டிருந்தேன்."

"எத்தனை பேரு?"

"உன்னோட சேத்து இருநூத்தி பன்னெண்டு" என்றார் பக்கிரி. "எல்லாரும் வந்துட்டாங்க."