முழங்கால் உயரச் செடி

லிஃப்ட்காரர் மண்வெட்டியை ஓரமாகப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்ட ஆரம்பித்தார். இரும்பு வேரில் பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. உச்சி வெயில் பிடரியில் இறங்கியது. சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"செடியை எடுக்கறேன்."

"பாப்பா வேணாம்னு சொன்னாளே."

"சொன்னா."

மனைவி நிலையில் சாய்ந்துகொண்டாள். உள்ளே போகவில்லை.

வேலையை விட்டு வருஷக்கணக்கில் ஆகியும் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றாலும், உள்ளே இருப்பவர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே பத்திரமாக இறக்கிவிடுவார். ஒரே மகள். நாற்பதை எட்டப்போகிறவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பேருந்து நிலையத்தில், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை அவளுக்கு. "உன் வாயைத் திறந்தாத்தான் ஊரே கெளம்புது" என்று அவர் கேலி செய்வார். இப்போது அந்தக் குரலைக் கேட்க அவள் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

புற்றுநோய் முதல்முறை விட்டுக்கொடுத்தபோது அவள் வைத்த செடி இது. குட்டை ரகச் செம்பருத்தி. வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு மண் இருந்தது. "சின்ன இடத்துக்குன்னே உள்ள ரகம்மா, முழங்காலுக்கு மேல போகாது" என்று நர்சரிக்காரர் சொல்லிக் கொடுத்தார். போகவும் இல்லை. பாப்பா நுனியைக் கிள்ளிக் கிள்ளி அதைப் பந்துபோல் அடர வைத்தாள். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, குழந்தைக்குக் காது துடைப்பதைப்போல ஒவ்வொரு கணுவாகத் துடைப்பாள். ரோஜா நிறத்தில், அடித்தொண்டை மட்டும் கருஞ்சிவப்பாக, கையகலப் பூ. காலையில் விரியும், சாயங்காலம் சுருங்கிவிடும்.

நோய் திரும்பி வந்தது. இந்தமுறை எலும்பில். புரட்டிப் படுக்க வைத்தாலே பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். கட்டிலைப் பின்னறை ஜன்னலோரம் போட்டார்கள். போட்ட பிறகுதான் தெரிந்தது, படுத்தபடி பார்த்தால் மதிலின் மேல் விளிம்பும் கொஞ்சம் வானமும்தான் தெரியும். செடி ஜன்னலுக்குக் கீழே எங்கேயோ இருந்தது.

லிஃப்ட்காரர் சும்மா இருப்பாரா? அலமாரியிலிருந்து நிலைக்கண்ணாடியைக் கழற்றி, கம்பி கட்டி, ஜன்னலுக்கு வெளியே சாய்த்து மாட்டினார். "தெரியுதா பாப்பா?" என்று வெளியிலிருந்து கத்தினார். கண்ணாடியில் கொடியில் தொங்கிய அவருடைய ஓட்டைப் பனியன்தான் தெரிந்திருக்கிறது. பாப்பா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் வலியாகி, மனைவி வந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அன்றே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"தோண்டி வாளியில வெச்சு உள்ள கொண்டு வந்துடட்டுமா?" என்று கேட்டதற்கு அவள் தலையை அசைத்தாள்.

"வேணாம்ப்பா. மொட்டு வெச்சிருக்கற செடிய அசைச்சா எல்லாத்தையும் கொட்டிடும். அது அங்கயே இருக்கட்டும்."

ஒரு கிளையையாவது ஒடித்து வரலாமென்றால், ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்தோடு வந்தவர்களையெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒடித்த பூ என்றாலே ஆகாது. அதனால் அவர் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவார். இந்த மொட்டு இவ்வளவு பருத்திருக்கிறது, அந்த மொட்டில் நிறம் எட்டிப்பார்க்கிறது என்று. கத்தரித்துவிட்ட பிறகு வந்த மொட்டுகளில் முதலாவது பெரிதாக முறுக்கிக்கொண்டு நின்றது. "நாளைக்கு விரிஞ்சிடும்" என்று இன்று காலையில்தான் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வந்தாள். பார்த்து முடித்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வெளியூர்லருந்து யாராவது வரணும்னா வரச் சொல்லிடுங்க ஐயா" என்றாள்.

"வர்றதுக்கு யாரும் இல்லைம்மா." அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "நாளைக் காலை வரைக்கும் இருப்பாளா?"

நர்ஸ் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "இன்னைக்கு முழுக்கப் பக்கத்துலயே இருங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் நேராகப் பின்பக்கம் வந்து மண்வெட்டியை எடுத்தார்.

குட்டைச் செடிக்கு வேரும் குட்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அது மதிலடியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஈர மண்ணோடு இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கியபோது அடியில் ஏதோ அறுந்தது. சத்தம் பெரிதில்லை. மனைவிக்கும் கேட்டிருக்கும். அவள் துணி வாளியைக் கவிழ்த்துக் காலி செய்து நகர்த்திக் கொடுத்தாள்.

அறையில் மருந்து வாசனையும் மண் வாசனையும் கலந்தன. வாளியைக் கட்டிலோரம் முக்காலியில் வைத்தார். அந்த மொட்டு இன்னும் இருந்தது. அதை மெல்ல அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"பாப்பா. இங்க பாரு."

வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. பிறகு அவள் கண் திறந்தது. முதலில் அவரைப் பார்த்தது, பிறகு இலையை, பிறகு வாளியை. வாளியில் நின்றது. அவள் உதடு அசைவதைக் கண்டு அவர் காதைக் கொண்டுபோனார்.

"புடுங்கிட்டீங்களா?"

கோபமில்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்பவளைப்போலக் கேட்டாள். கோபித்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"இல்லம்மா. இதோ வெச்சுடறேன். இப்பவே இருந்த எடத்துலயே வெச்சுடறேன். ஒண்ணும் ஆகாது."

கண் மூடிக்கொண்டது. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "நீங்க இங்க இருங்க, அது கெடக்கட்டும்" என்று மனைவி சொன்னது பின்னாலிருந்து வந்தது.

குழியில் தண்ணீர் ஊற்றினார். செடியை இறக்கினார். சாய்ந்தது. எடுத்து மறுபடியும் இறக்கினார். முன்பு எந்தக் கிளை மதில் பக்கம் இருந்தது என்று ஞாபகம் வரவில்லை. அதை அவளுக்குச் சரியாகச் சொல்லவேண்டுமே என்று குந்தியபடி செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் சுற்றிலும் அமுக்கினார். இலைகள் அதற்குள் துவண்டிருந்தன. மொட்டு காம்போடு கழன்று ஈரத்தில் விழுந்தது. அதை எடுத்து, வந்த இடத்தில் ஒட்ட வைத்துப் பார்த்தார். உண்மையாகவே வைத்துப் பார்த்தார்.

"என்னங்க."

மனைவி வாசற்படியில் நின்றாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றியிருந்தாள். அவள் குரலில் ஒன்றுமே இல்லாததால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்ல."

"என்னைக் கேட்டாளா?"

மனைவி சற்று நேரம் மதிலைப் பார்த்தாள். பிறகு, "கேக்கல" என்றாள். "உள்ள வாங்க. வெறைக்கறதுக்கு முன்னாடி நேரா படுக்க வைக்கணும். என்னால தனியாத் தூக்க முடியாது."

அவர் எழுந்து இரண்டு எட்டு வைத்தார். மனைவி வழியை மறித்தாள்.

"இந்தக் கையோட அவளைத் தொடாதீங்க."

குளியலறையில் குழாயைத் திறந்து கையைக் காட்டினார். சோப்பு நுரை கறுத்து ஓடியது. தேய்த்துத் தேய்த்தும் நகக்கண்களில் மண் அப்படியே இருந்தது. ஒரு கை நகத்தால் மறுகை நகத்தைச் சுரண்டினார். மண் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போயிற்று. சோப்பு நழுவித் தரையில் எங்கேயோ ஓடிவிட்டது.

மனைவி உள்ளே வந்தாள். கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவினாள். அவர் கையைத் தன் பக்கம் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு விரலாக நகத்தடி மண்ணை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். வலித்தது. அவர் அசையவில்லை. கட்டைவிரலை முடித்துவிட்டு ஊசியைக் குழாயில் காட்டிக் கழுவினாள்.

"அந்தக் கை" என்றாள்.

கொடுத்தார்.