டாரில் எங்கே பார்க்கிறார்

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் கார்தான் காரணம். அமெரிக்காவில் நான் வசிக்கும் டுலூத் நகரின் ஏரிக்கரைச் சாலையில் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டேன். விசாரணை வீடியோ வழியாக நடந்தது. சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்து, கோட்டெல்லாம் மாட்டிக்கொண்டு, நடுவரின் முகத்தைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். முடிந்ததும் மனைவி கேட்டாள்: "ஏன் அப்படித் திருட்டு முழி முழிச்சீங்க? ஒரு தடவைகூட அவங்களைப் பாக்கவே இல்லையே."

நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் திரையில் கீழே இருந்தது, கேமரா மேலே இருந்தது. அவ்வளவுதான்.

அபராதம் கட்டிவிட்டேன். ஆனால் அபராதத்துக்குப் பதில் ஆயுள் தண்டனை என்றிருந்தால்? அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

2

தொடக்கங்கள் பல எழுதினேன்.

"பனி பொழிந்துகொண்டிருந்த ஒரு காலையில் பேராசிரியர் ஹேரியட் ஓல்ஸ்டட்..." [டுலூத்தில் பனி பொழியாத காலையைச் சொன்னால்தான் செய்தி. அடித்துவிட்டேன்.]

"நீதி என்பது..." [வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவீர்கள்.]

நேராகவே சொல்கிறேன். ஹேரியட் இளம் வயதில், குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக அரசு செலவில் வாதாடும் வக்கீல். டாரில் லெஹ்டோ அவருடைய கட்சிக்காரர். பத்தொன்பது வயதில் டாரில் ஒரு பெட்ரோல் பங்குக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போன நண்பன் கல்லாவில் இருந்த நீல் புஷாரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். அன்றைய சட்டப்படி காரில் இருந்தவரும் கொலைகாரர். ஹேரியட் அந்த வழக்கில் தோற்றார். டாரிலுக்கு ஆயுள் தண்டனை.

தீர்ப்புக்குப் பிறகு வாசலில் ஜூரியில் இருந்த ஒரு பெண் அவரிடம் சொன்னாள்: "தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தப் பையன் ஒரு தடவைகூட நிமிர்ந்து எங்களைப் பாக்கல. மனசுல ஏதோ இருக்குன்னு தோணிடுச்சு."

மனசில் இருந்தது வெட்கம். அது ஹேரியட்டுக்கு மட்டும் தெரியும்.

[முதல் பிரதியில் டாரிலை 'அவன்' என்றே எழுதினேன். நீலின் அம்மா பேசும்போது அவன் என்பார். அது அவர் உரிமை. எனக்கு அந்த உரிமை இல்லை. திருத்திவிட்டேன்.]

3

அந்த ஒரு வாக்கியம்தான் ஹேரியட்டின் மிச்ச வாழ்க்கை. வழக்காடுவதை விட்டுவிட்டு சட்டக் கல்லூரிக்குப் போனார். சாட்சி எங்கே பார்க்கிறார், ஜூரி எதைப் பார்க்கிறது என்றே பாடம் நடத்தினார். கல்லூரியில் ஒரு மாதிரி நீதிமன்றம் கட்டி அதில் திரைகளும் கேமராக்களும் பொருத்தினார். அதைப் பார்த்துத்தான் மாவட்ட நீதிமன்றமும் தன் வீடியோ அறையை அமைத்தது. இந்த ஊரில் அவரிடம் படிக்காத நீதிபதி வேண்டுமென்றால் பாலம் தாண்டிப் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினுக்குத்தான் போக வேண்டும்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. தன் கையால் கொல்லாதவர் தன் தண்டனையை மறுபடி பார்க்கச் சொல்லி மனு போடலாம். ஓய்வு பெற்றிருந்த ஹேரியட் கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி எடுத்தார். அதே கட்சிக்காரர், அதே வழக்கு. இந்த முறையும் தோற்றால் டாரில் சிறையிலேயே சாவார்.

4

"விசாரணைக்கு நேர்ல வந்துடு டாரில். நான் உத்தரவு வாங்கித் தரேன்."

"வேணாம் மேடம். விசாரணைக்குன்னு என்னை மாவட்ட ஜெயிலுக்குக் கொண்டுபோனா இங்க என் அறையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அதுல ஜன்னல் இருக்கு. ஒரு பிர்ச் மரம் தெரியுது."

"ஜெயிச்சா நீ எத்தனை மரம் வேணா பாக்கலாமே."

"ஜெயிப்பேன்னு நீங்க போன தடவையும் சொன்னீங்க."

ஹேரியட்டுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. டாரில் சிரித்தார். "கிண்டல் பண்ணேன் மேடம். ஆனா ஜன்னலை விடமாட்டேன்."

ஆகவே வீடியோ. ஹேரியட் வீட்டிலிருந்தபடியே ஒத்திகை நடத்தினார்.

"திரைக்கு மேல கறுப்புப் புள்ளி தெரியுதா? அதுதான் கேமரா. அதையே பாரு. என் முகத்தைப் பாக்காதே."

"அங்க யாரும் இல்லையே மேடம்."

"அங்கதான் நீதிபதி இருக்காங்க."

டாரில் கற்றுக்கொண்டார். புள்ளியைப் பார்த்துப் பேசியபோது, திரையில் அவர் பார்வை நேராக ஹேரியட்டின் கண்ணுக்குள் வந்தது. ஹேரியட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் டாரில் அப்படிப் பார்த்து அவர் கண்டதே இல்லை.

"நீலோட அம்மா மிஸஸ் புஷார் வருவாங்களா?"

"வருவாங்க."

"அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். அப்பவும் புள்ளியைத்தான் பாக்கணுமா?"

"ஆமா."

"அவங்க முகத்தைப் பாக்காம எப்படி மேடம் கேக்கறது?"

"நீ அவங்களைப் பாத்தா, பாக்காத மாதிரி தெரியும். பாக்கலன்னா, பாக்கற மாதிரி தெரியும்." சொல்லும்போதே ஹேரியட்டுக்கு வாய் கசந்தது. இதைத்தான் அவர் வகுப்பு வகுப்பாகக் கற்பித்திருந்தார். மாணவர்கள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்கள்.*

* இந்த இடத்தில் எழுதுவதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை இருந்தது: நானும் உங்களைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன், இத்யாதி. மனைவி படித்துவிட்டு, "அந்த ஆளு ஜெயில்ல இருக்காரு, நீங்க உங்களப் பத்திப் பேசறீங்களே" என்றாள். எடுத்துவிட்டேன்.

5

விசாரணை நாள். நீதிபதி ரென்விக் ஹேரியட்டின் பழைய மாணவி. ஹேரியட் எழுந்து கேமராவைப் பற்றி விளக்கத் தொடங்கியதும் நீதிபதி கையை உயர்த்தினார்: "புரொஃபசர், அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்டதான் படிச்சேன்."

தெரிந்தாலும் மனசு ஏமாறும் என்பதையும் அதே வகுப்பில்தான் ஹேரியட் சொல்லியிருந்தார். அந்தப் பாடம் ரென்விக்குக்கு நினைவிருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

டாரில் நீதிபதியின் கேள்விகளுக்குப் புள்ளியைப் பார்த்துப் பதில் சொன்னார். தடுமாற்றமே இல்லை. ஹேரியட் மூச்சு விட்டார்.

பிறகு டாரில், "மிஸஸ் புஷார்" என்று ஆரம்பித்தார். அவர் கண்கள் கீழே இறங்கின.

முன்வரிசையில் நீலின் அம்மா கோரின் புஷார், குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். டாரில் பேசிக்கொண்டே போனார்: துப்பாக்கிச் சத்தம் கேட்டும் காரை விட்டு இறங்காதது, சுட்ட நண்பனோடு ஓடிப்போனது. ஒரு சொல்லும் பொய்யில்லை. கண்கள் மட்டும் நிமிரவே இல்லை.

"பாத்தீங்களா?" கோரின் சத்தமாகவே சொன்னார். "இப்பவும் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கறான்."

6

இங்கே இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

ஒன்றில் டாரில் சட்டென்று புள்ளியைப் பார்க்கிறார். கோரின் நெகிழ்கிறார், மெதுவாகத் தலையசைக்கிறார். விடுதலை. ஆனால் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அந்தத் தலையசைப்பை டாரில் பார்க்கவில்லை. அதற்காகத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தார். என்னால் அதை எழுத முடியவில்லை.

இன்னொன்றில் கோரின் எழுந்து போய், உயரத்தில் மாட்டிய திரைக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார். குனிந்த பார்வையும் நிமிர்ந்த பார்வையும் சந்திக்கின்றன. அழகாக இருந்தது, எனக்கே கண் கலங்கியது. ஆனால் திரையில் தெரியும் படம் அப்படி நடந்துகொள்ளாது. எங்கே போய் நின்றாலும் குனிந்த பார்வை குனிந்த பார்வைதான். ஹேரியட் என்றால் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்திருப்பார்.

7

ஆகவே மிச்சம் இருப்பது இதுதான்.

ஹேரியட் ஒலிவாங்கியை விட்டு விலகி கோரினிடம் போனார். வக்கீல் அப்படிப் போகக் கூடாது. நீதிபதி தடுக்கவில்லை.

"மிஸஸ் புஷார், அவர் உங்களைத்தான் பாக்கறார். அங்க அவர் முன்னால இருக்கற திரையில நீங்க கேமராவுக்குக் கீழே தெரியறீங்க. புள்ளியைப் பாருன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்காக அதை விட்டுட்டார்."

கோரின் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அவன் வக்கீல். வேற என்ன சொல்வீங்க?"

"ஆமா. நான் அவர் வக்கீல்தான்."

"எனக்கு அப்படித் தெரியலையே."

ஒலிபெருக்கியில் டாரிலின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பார்வையை மாற்றவில்லை. நீதிபதி பேனாவை எடுத்தார், உத்தரவு எழுதும் முன் கோரின் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களாம்மா?" என்று கேட்டார்.

கோரின் என்ன சொன்னார் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அது நான் சொன்னதாகிவிடும். நான் டாரிலின் பக்கம் சாய்ந்துவிட்டவன், ஹேரியட்டைப் போலவே. என் சாட்சியை அந்த அம்மா ஏற்க மாட்டார்.

கோரின் சிறை அறையைப் பார்த்ததில்லை, டாரில் நீதிமன்றத்துக்கு வரவில்லை. இரண்டு இடத்திலும் உட்கார்ந்து பார்த்தவர், இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் ஒருவர்தான். கோரின் இப்போது உங்கள் பக்கம் திரும்பிக் கேட்கிறார்: "நீங்களாவது சொல்லுங்க. அவன் எங்க பாக்கறான்?"