பொன்னாடைக்கு அடியில் ஓர் ஆங்கில வகுப்பு

ஞானசீலன் சார் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம்தான் இருந்தது. அதில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்காதவர்களிடமும் போய்ச் சொன்னார். வருத்தம் எவ்வளவு என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

விளாங்குடி வீட்டில் அவர் மனைவி ரூத் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோக்கவும் பித்தான் வைக்கவும் ஆள் இல்லாமல் திண்டாடுவதாகவும், ஜூன் மாதத்திலிருந்து அந்தக் கவலை விட்டது என்றும் அந்த அம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நிம்மதியாகச் சொல்லிவந்தார். முப்பத்தோரு வருடம் உசிலம்பட்டிப் பக்கத்து மிஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்திய மனிதர், கடைசியில் பித்தானுக்கு நாலு ஓட்டையா இரண்டு ஓட்டையா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. மிஷன் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து மதுரையில் ஆங்கிலப் பயிற்சி மையம் ஒன்று தொடங்கப்போகின்றன. அதற்கு ஒரு முதன்மைப் பயிற்றுநர் வேண்டும். தனி அறை, ஏசி, கதவில் பெயர்ப் பலகை. ஓய்வு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பலகையில் தன் பெயர் எந்த எழுத்தளவில் இருக்க வேண்டும் என்பதைக்கூட ஞானசீலன் முடிவு செய்துவைத்திருந்தார்.

அதற்காகவே ஒரு புத்தகமும் தயாரித்திருந்தார். ‘ஆங்கிலம் பேசும் வகுப்பறை: நூற்றொரு துணைச் செயல்பாடுகள்.’ தயாரித்திருந்தார் என்றால் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார். கைவேலை இல்லாமலும் இல்லை. ஜான் வருகிற இடத்திலெல்லாம் எட்டாம் வகுப்பு அழகுபாண்டியின் பெயரைப் போட்டார். கேக்கை எடுத்துவிட்டுப் பணியாரம் வைத்தார். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிவதற்குள் அறுபத்திரண்டு வரைதான் மாற்ற முடிந்தது. அதனால் அறுபத்து மூன்றாவது செயல்பாட்டில், பிள்ளைகள் மைதானத்தில் கிடக்கும் பனியை உருட்டி ஒரு பனிமனிதன் செய்து, அவனிடம் ஆங்கிலத்தில் நலம் விசாரிக்க வேண்டும் என்று இருந்தது. உசிலம்பட்டி மைதானத்தில் மாசி மாதம் செருப்பில்லாமல் நடந்தாலே கால் பொத்துப்போகும்.

இந்த நூற்றொன்றில் ஒன்றையாவது அவர் தன் வகுப்பில் நடத்திப் பார்த்தாரா என்று யாரும் கேட்டதில்லை. அவரும் நடத்தியதில்லை. அவர் வகுப்பில் பிள்ளைகள் கையேட்டைப் பார்த்து விடை எழுதுவார்கள், அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்துவார். பிள்ளைகள் வாயைத் திறந்தால் பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு.

இப்படி இருக்கும்போதுதான் மையத்திலிருந்து கடிதம் வந்தது. சென்னையிலிருந்து டாக்டர் எஸ். முத்து என்கிற மொழிக் கல்வி நிபுணர் வருவார். எட்டாம் வகுப்பில் ஒரு செயல்பாட்டை நேரில் பார்ப்பார். அவர் தரும் அறிக்கையை வைத்தே பதவி முடிவாகும்.

ஞானசீலன் ‘சந்தை’ என்ற செயல்பாட்டைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது. ஒருவர் காய்கறி விற்பார், ஒருவர் வாங்குவார். கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்க வேண்டும். இருபது ரூபாய் என்று சொல்ல வேண்டும். விலை அதிகம் என்று அலுத்துக்கொண்டு, கடைசியில் நன்றி சொல்லிப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு அது ஊறிப்போய்விட்டது. அழகுபாண்டி வீட்டில் தட்டில் விழுந்த கத்தரிக்காயைப் பார்த்து ‘ட்வென்டி ருபீஸ் சார்’ என்று சொல்லி, அம்மாவிடம் கரண்டிக்காம்பால் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

டாக்டர் முத்து கறுப்புக் காரில் வந்து இறங்கினார். தண்ணீர் வேண்டும் என்று கேட்டதையே இரண்டு தரம் கேட்டுத்தான் தலைமையாசிரியை ஆனிமேரி புரிந்துகொண்டார். அவ்வளவு உயர்ந்த ஆங்கிலம். தமிழ் தெரியுமா என்று ஆனிமேரி தயங்கிக் கேட்டபோது, வேலைக்காரர்களிடம் பேசும் அளவுக்கு வரும் என்று ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. சரிகைக் கரை போட்ட பச்சைப் பொன்னாடை ஒன்றை ஆனிமேரி அவருக்குப் போர்த்தினார். காலையிலேயே வெயில் ஏறியிருந்தது. ஆனாலும் நிபுணர் அதைக் கழற்றாமல், புழுக்கத்தோடும் பெருமையோடும் எட்டாம் வகுப்புக்குள் நுழைந்து முன்வரிசையில் அமர்ந்தார்.

முதல் பெண் எழுந்து கத்தரிக்காய் விலையைக் கேட்டாள். பதில் வருவதற்குள் டாக்டர் கையை உயர்த்தினார். இதுவரை பதினேழு பள்ளிக்குப் போயிருப்பதாகவும், பதினேழிலும் கத்தரிக்காய் இருபது ரூபாய்தான் என்றும், இந்த நாட்டில் விலைவாசி இவ்வளவு கட்டுப்பாட்டில் இருப்பது தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றும் சொன்னார். பிறகு வகுப்பைப் பார்த்து, உங்கள் ஊர்ச் சந்தையில் உண்மையில் என்ன விற்கிறது என்று கேட்டார்.

பெஞ்சுகள் எல்லாம் சேர்ந்து மாடு என்றன. சரண்யாதேவி மட்டும் எழுந்து ஆங்கிலத்தில் சொன்னாள். “கௌ சார். ஆக்ஸ் சார். சம்டைம்ஸ் கோட் சார்.”

அப்படியானால் அதையே நடத்துங்கள் என்றார் டாக்டர். ஞானசீலன் தன் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். மாட்டுக்கு ஒத்திகை இல்லை. நூற்றொன்றில் மாடே இல்லை.

சரண்யாதேவி மாட்டுத் தரகர் மலைச்சாமியின் மகள். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அழகுபாண்டியை முன்னால் இழுத்து, கையையும் காலையும் ஊன்றிக் காளையாக நிற்கவைத்தாள். அடையாள அட்டையின் நாடாவை அவன் கழுத்தில் கட்டினாள். வாங்குகிறவளாகச் சுபலட்சுமி வந்து நின்றாள். ஏதோ ஒன்று குறைந்தது. சரண்யாதேவி வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள். கரும்பலகை துடைக்கிற துணி கைக்குட்டை அளவுதான் இருந்தது. பிறகு அவள் கண் டாக்டர் தோளில் நின்றது.

“ஒன் மினிட் சார்” என்று சொல்லிப் பொன்னாடையை உருவிக்கொண்டாள்.

அதை எடுத்துத் தன் கைமேலும் சுபலட்சுமி கைமேலும் போட்டு மூடினாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். பச்சைத் துணிக்கு அடியில் மட்டும் ஏதோ அசைந்தது. சுபலட்சுமி உதட்டைப் பிதுக்கினாள். சரண்யாதேவி தலையை ஆட்டினாள். மறுபடி அசைந்தது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. காளை ஒரு தரம் தும்மியது.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மாணவர்கள் ஏன் பேசவில்லை என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

“திஸ் இஸ் ப்ரீ-ஸ்பீக்கிங் ஸ்டேஜ் சார்” என்றார் ஞானசீலன். அவருடைய புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் முன்நிலை ஒன்று உண்டு.

ஸ்பீக்கிங் எப்போது வரும் என்று டாக்டர் கேட்டார்.

பீரியட் முடிந்த பிறகு என்று சொல்லிவிட்டு, ஞானசீலன் சரண்யாதேவியின் காதருகே குனிந்தார். “பேசுத்தா. எதையாச்சும் இங்கிலீஷ்ல பேசித் தொல. என் மானம் போகுது.”

சரண்யாதேவி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “வாயால வெல சொல்லக்கூடாது சார். பக்கத்துல நிக்கிற ஆளுக்குத் தெரிஞ்சா மாடு எப்புடி விக்கும்? விரலப் பிடிச்சுத்தான் சொல்லணும். நீங்க சந்தைக்கு வந்ததே இல்லையா?”

வந்ததில்லை. ஞானசீலன் குடும்பத்தில் நாலு தலைமுறையாக எல்லோரும் ஆசிரியர்கள். முப்பத்தோரு வருடமும் புதன்கிழமைகளில் சந்தைக் கூட்டத்தால் பஸ் தாமதமாவதை மட்டும்தான் அவர் அறிவார். ஊரே வாய் திறக்காமல் நடத்தும் வியாபாரத்தை ஆங்கிலம் பேசவைக்கும் செயல்பாடாக நடத்தச் சொல்லிவிட்டு நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதவுப் பலகையிலிருந்து அவர் பெயர் எழுத்தெழுத்தாக உதிர, கண்முன்னே ஒரு பித்தான் டப்பா திறந்தது.

“நீங்க வாங்குறீகளா சார்?” சரண்யாதேவி நிபுணரைக் கேட்டாள்.

டாக்டர் பெரிய மனிதர்கள் சிரிக்கிற சிரிப்பு ஒன்று சிரித்து, பிள்ளையின் ஆசைக்காகப் பொன்னாடைக்குள் கையை விட்டார். விட்ட அடுத்த கணமே அவர் முதுகு நிமிர்ந்துகொண்டது. சிரிப்பு நின்றது. பார்வை மின்விசிறிக்குப் போனது. ஒன்றுமே நடக்காதது போன்ற ஒரு முகம் அவருக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டியது. அதே முகம் எதிரே சரண்யாதேவிக்கும் இருந்தது.

துணி அசைந்தது. டாக்டர் இன்னொரு கையால் அழகுபாண்டியின் தாடையைப் பிடித்து வாயைப் பிளந்தார்.

“ஆறு பல்லுகூடத் தேறாது. இதுக்குப் போயி இம்புட்டா?” என்றார். அது வேலைக்காரர்களிடம் பேசுகிற தமிழாக இல்லை.

“பல்ல விடுங்க அண்ணே. நடையப் பாருங்க” என்றாள் சரண்யாதேவி. சந்தையில் வாங்க வருகிற ஆண்கள் எல்லோரும் அண்ணன்தான். அழகுபாண்டி இரண்டு பெஞ்சுக்கு நடுவில் நடந்து காட்டினான்.

டாக்டர் குனிந்து அவன் உச்சியில் முடியை விலக்கினார். “ரெட்டச் சுழி. வீட்டுல கட்டுனா வெளங்கும். சுழிக்கு ஒண்ணக் கொற.”

“சுழிக்குப் பாத்தாச்சு. கொம்புக்கு ஏத்தணும்ல.”

“கொம்பு எங்க இருக்கு இதுக்கு? யார்கிட்டத்தா வேலை காட்டுற? மேலூர்ச் சந்தையில எங்கய்யா கைய விட்டாருன்னா, இந்த மாட்டப் பாதி வெலைக்குப் பிடிச்சிட்டு மூக்கணாங்கயிறும் சும்மா வாங்கிட்டு வருவாரு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது.

டாக்டரோடு வந்திருந்த ஆனிமேரி நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். “சாருக்கு மேலூரா? நாங்க இம்புட்டு நேரம் லண்டனோன்னு நெனச்சுப் பயந்துக்கிட்டு இருந்தோம்” என்றார், மிகுந்த மரியாதையோடு.

மணி அடித்தது. பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடினார்கள். காளையும் எழுந்து ஓடியது. இலை போடச் சொல்ல ஆனிமேரி வெளியே போனார். சரண்யாதேவி மட்டும் பொன்னாடையைப் பிடித்தபடி நின்றாள். பேரம் முடியாமல் தரகர் நகரக் கூடாது.

டாக்டர் பையிலிருந்து, விண்ணப்பத்தோடு வந்திருந்த ஞானசீலனின் புத்தகத்தை எடுத்தார். ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தவர் போலத் தெரிந்தது. போகவில்லை.

“அறுபத்து மூணுல ஒரு பனிமனுசன் நிக்கிறான்ல சார். அவன் என் புத்தகத்துல இருந்து வந்தவன். என்கிட்ட எங்கிருந்து வந்தான்னு மட்டும் கேக்காதீங்க.”

ஞானசீலன் கேட்கவில்லை.

டாக்டர் அவர் கையைப் பிடித்துப் பொன்னாடைக்குள் இழுத்துக்கொண்டார். “இந்த நூத்தியொண்ணுல உங்க சொந்தச் சரக்கு எத்தன? வாயால சொல்ல வேணாம். இதுக்குள்ள சொன்னது வெளிய போகாது. ஆனா பொய் சொன்னா வியாபாரம் முறிஞ்சிரும்.”

ஞானசீலன் மின்விசிறியைப் பார்த்தார். பத்து விரலையும் நீட்டலாம் என்று முதலில் தோன்றியது. ஒரு கை போதும் என்று பிறகு தோன்றியது. பணியாரம் தன்னுடையதுதான். ஆனால் பணியாரத்தைச் செயல்பாடாகக் கணக்கில் சேர்க்க முடியாது. முப்பத்தோரு வருடத்தில் தன் வகுப்பில் ஒரு பிள்ளை தானாக எழுந்து ஏதாவது செய்தது இன்றைக்கு மட்டும்தான் என்பது மெல்ல அவருக்கு விளங்கியது. அதை வைத்து, ஒரே ஒரு விரலை நீட்டினார்.

துணிக்கு அடியில் சின்னக் கை ஒன்று வந்து அந்த விரலையும் மடக்கிவைத்தது.

“அது என்னோடது சார்” என்றாள் சரண்யாதேவி.

ஞானசீலன் தலை குனிந்தார். வெறும் முஷ்டியாக நின்ற அவர் கையை டாக்டர் விடவில்லை. தன் கையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஞானசீலன் தடவிப் பார்த்தார். அதுவும் முஷ்டிதான். ஒரு விரல்கூட வெளியே இல்லை. முப்பத்தோரு வருடத்தில் அவருக்கு இவ்வளவு ஆறுதல் தந்த பாடம் வேறில்லை.

“சரி, முடிச்சுக்குவோம்” என்றார் டாக்டர். “நூத்தியொண்ணையும் தூக்கிருங்க. இவ மாட்டுச் சந்தை மட்டும் இருக்கட்டும். அப்படின்னா நான் எழுதித் தாரேன். மேலூர் விசயம் இந்த ரூமோட போகணும்.”

“தரகு?” என்றாள் சரண்யாதேவி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். கத்தரிக்காயை இனி யாரும் தன்னிடம் விலை கேட்கக் கூடாது, புத்தகத்தில் தன் பெயர் முழுசாக வர வேண்டும் என்றாள். விரலால் சொல்லவில்லை. தரகை வாயால்தான் கேட்க வேண்டும். பிறகு பொன்னாடையை நான்காக மடித்து நிபுணரிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு வரிசைக்குப் போனாள்.

அறிக்கை பத்தே நாளில் வந்தது. ஆசிரியர் சிறிதும் குறுக்கிடாத, எந்த நூலிலும் காணாத ஒரு செயல்பாட்டை இப்பள்ளியில் கண்டதாக அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. கீழே கையெழுத்து எஸ். முத்து என்று இல்லாமல் சோணைமுத்து என்று இருந்தது. ஏன் என்று மையத்தில் யாரும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் ஞானசீலன் ஏசி அறையில் உட்கார்ந்தார். ரூத் அம்மாள் பித்தான் வைக்க வேறு ஆள் தேடிக்கொண்டார். இருநூறு பக்கப் புத்தகம் நான்கு பக்கமாகச் சுருங்கி வெளிவந்தது. ‘செயல்பாடு ஒன்று: மாட்டுச் சந்தை. ஆக்கம்: ம. சரண்யாதேவி.’ செயல்பாடு இரண்டு இல்லை.

பயிற்சிக்கு ஆசிரியர்கள் வருவார்களா என்று மையத்துக்குக் கவலை இருந்தது. ஆங்கிலப் பயிற்சி என்றால் சனிக்கிழமையன்று நாற்பது ஆசிரியர்களுக்கும் சொல்லிவைத்தாற்போல் காய்ச்சல் வருவது வழக்கம். இந்த வருடம் ஒருவருக்கும் வரவில்லை. மாறாக, அழைக்காத பள்ளிகளிலிருந்தும் வந்தார்கள். காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாத ஆங்கிலப் பயிற்சி என்ற செய்தி அதற்குள் மாவட்டம் முழுக்கப் பரவியிருந்தது. இருவர் இருவராகத் துண்டுக்குள் கையை விட்டு மின்விசிறியைப் பார்த்து நிற்பார்கள். கருத்துத் தாளில் எல்லோரும் மிகச் சிறப்பு என்று எழுதுவார்கள், தமிழில்.

மாதம் ஒரு சனிக்கிழமை சரண்யாதேவி உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். தலைமைக் கருத்தாளர் என்று அவளுக்கும் ஓர் அட்டை உண்டு. வரிசைக்கு நடுவில் நடந்து துண்டுகளைத் தூக்கிப் பார்ப்பாள். அந்த மையத்தில் ஆங்கிலம் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். யாராவது மறந்துபோய்த் தமிழில் விலை சொல்லிவிட்டால் அவர் எதிரில் போய் நின்று சொல்வாள்.

“நோ டாக்கிங் சார். ஒன்லி ஃபிங்கர்.”

முதன்மைப் பயிற்றுநர் அதைக் கறுப்புப் பேனாவால் குறித்துக்கொள்வார்.