ஓஹேலோ சாலையில் ஒரு வளைவு

ஓஹேலோ சாலையில் போகிறவர்கள் இப்போது ஓரிடத்தில் வண்டியை இடதுபக்கம் ஒடித்து, அரை மைல் சுற்றி, மறுபடி பழைய கோட்டுக்கு வர வேண்டும். ஏன் இந்த வளைவு என்று கேட்டால், அடியில் பெரிய பொந்து இருக்கிறது, புல்டோசர் உள்ளே விழுந்துவிடும் என்று அதை ஓட்டினவன் சொன்னானாம் என்பார்கள். ஓட்டினவன் நான்தான். பொந்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நேர்கோட்டில் என் அண்ணன் பலானியின் வீடு முப்பதடி லாவாவுக்குக் கீழே கிடக்கிறது. அவன் தலைமேல் ரோடு போட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

எரிமலைத் தெய்வம் பெலே இறங்கி வருகிறாள் என்று தெரிந்தால் எங்கள் பக்கத்தில் ஓடுவதற்கு முன்னால் வீட்டைக் கூட்டுவோம். அவள் வருவது அவளுடைய நிலத்துக்கு. நாம் இத்தனை வருடம் குடியிருந்தவர்கள். கூட்டித் துடைத்து, மேசைமேல் பூ வைத்து, கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போக வேண்டும். குப்பையாகக் கிடக்கிற வீட்டுக்குள் அவளை வரவிடுவது அசிங்கம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

லாவா வந்த அன்றைக்கு எல்லோரையும் ஊரைவிட்டுக் கிளப்பியபோது கவேஹி அண்ணி பாதி வீட்டைத்தான் கூட்டியிருந்தாள். பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் பாய் விரித்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு சிங்க் ஞாபகம் வந்தது. நான் சாலை முனையில் தடுப்புக்குப் பக்கத்தில் டோசரை நிறுத்திக்கொண்டு காவல் இருந்தேன். எல்லா வண்டியும் வெளியே வருகிறது, அண்ணன் வண்டி மட்டும் உள்ளே போக வந்து நிற்கிறது.

"எங்கண்ணே போற? ஊரே இந்தப் பக்கம் வருது."

"உங்க அண்ணி விட்டாத்தானடா. சிங்க்ல தட்டு கிடக்காம். பெலேம்மா வந்து பாத்தா அவ மானம் போயிடுமாம்."

"மானம் போனா வாங்கிக்கலாம். உசிரு?"

"மூணு தட்டுடா. மூணு தட்டு கழுவ எவ்வளவு நேரமாகும்? நீ கழுவினாத்தான உனக்குத் தெரியும்."

"பத்து நிமிஷம். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

அவன் சிரித்துக்கொண்டே கையை வெளியே நீட்டி என் டோசரின் தகட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். தடுப்பை நகர்த்தினவன் நான். ஏழாவது நிமிடம் மரங்களுக்கு நடுவிலிருந்து எரிமலைக் குழம்பு பக்கவாட்டில் புகுந்து சாலையைக் குறுக்கே வெட்டியது. ஹார்னில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. என்னை இரண்டு பேர் பிடித்து இழுத்து இறக்கினார்கள்.

மறுநாள் ஹெலிகாப்டரில் போனவர்கள் வீட்டு வாசலில் அவன் வண்டியின் கூரை மட்டும் தெரிந்ததாகச் சொன்னார்கள். அதற்கு அடுத்த நாள் அதுவும் தெரியவில்லை. ஆள் வீட்டுக்குள்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். வேறு எங்கும் தேடவில்லை. தேட வேண்டும் என்று யாருக்கும், எனக்கும்கூட, தோன்றவில்லை.

அண்ணன் வீட்டைத் தாண்டி ஒரு காடு, அதைத் தாண்டி ஏழு வீடுகள். லாவா இருபுறமும் பிரிந்து போய் அந்த ஏழு வீட்டையும் பச்சையாக விட்டுவிட்டது. அப்படி நடுவில் தப்பும் திட்டைக் கிபுகா என்போம். வீடு தப்பியது, வழி போய்விட்டது. அந்த ஏழு குடும்பமும் எங்களோடு அதே அரங்கில் கிடந்தது. அதில் டகேயோ அங்கிள் பப்பாளித் தோட்டக்காரர். அவர் மனைவி ஃபூமிகோ ஆன்ட்டிக்கு வயிற்றில் புற்று, டாக்டர்கள் கையை விரித்தாயிற்று. அவளுக்கு ஒரே ஆசை, தன் கட்டிலில் படுக்க வேண்டும்.

குழம்பு நின்று ஏழு வாரம் கழித்து ரோடு போடும் வேலை எனக்கு வந்தது. கிளம்பும் அன்று ஃபூமிகோ ஆன்ட்டி படுத்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"எத்தனை நாளுப்பா ஆகும்?"

"நேரா போனா பன்னிரண்டு நாள் ஆன்ட்டி."

"பன்னிரண்டு நாள் நான் தாங்குவேன். பதிமூணுன்னா யோசிக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள். பல்செட் கழற்றியிருந்த வாய்.

வெளியே அண்ணி நின்றுகொண்டிருந்தாள். முப்பது வருடமாக நான் இவள் கையால் சாப்பிடுகிறவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத எனக்கு அவள் வீடுதான் வீடு. "இவன் தின்ன தட்டை இவன் கழுவினதா சரித்திரமே இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டுவாள். அந்த ஏழு வாரத்தில் அவள் என்னிடம் பேசியது குறைவு. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் மேல ரோடு போடாத, ஹானலே."

"அண்ணி, கோடு போட்டது நானில்ல. எஞ்சினியர்."

"அவர் எலும்பு அங்க இருக்கு. அது மேல வண்டி போகும், நாய் போகும், கண்டவன் காலு போகும். உனக்குச் சம்மதமா?"

எங்கள் ஆட்களுக்கு எலும்பு என்றால் அது ஆள்தான். புதைத்த இடத்தைத் தாண்டக்கூட மாட்டோம். எனக்குச் சம்மதமில்லை.

எஞ்சினியர் வில்மா ஹோனோலூலுவிலிருந்து வந்தவள். சின்ன வயது, வேலையில் சுத்தம். கம்பியைக் குத்திக் குத்தி எங்கே எவ்வளவு சூடு என்று அவளே குறித்துக்கொள்வாள். இரண்டு நாள் நேர்கோட்டில் தள்ளினேன். மூன்றாம் நாள் வீடு இருந்த இடத்துக்கு நூறடி முன்னால் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

"என்னாச்சு அங்கிள்?"

"அடியில பொந்து. தகடு தட்டும்போது பானை மாதிரி சத்தம் வருது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்குக் கேக்காது. நான் இருபத்தாறு வருஷமா இதுமேல உக்காந்திருக்கேன். என் முதுகுக்குக் கேக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வரைபடத்தைப் பார்த்தாள். இடதுபக்கம் சுற்றினால் லாவா இன்னும் கனம், உள்ளே இன்னும் கொதிக்கிறது, பத்தொன்பது நாள் கூடுதலாகும் என்றாள். ஆகட்டும் என்றேன். ஒரு ஆளை டோசரோடு பொந்துக்குள் இறக்கிவிட அவளுக்குத் தைரியம் இல்லை. எழுதிக்கொண்டாள்.

ஃபூமிகோ ஆன்ட்டியின் முகம் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வந்தும் சொன்னேன்.

அந்த வளைவில் வேலை செய்தது வேலையே இல்லை, தண்டனை. மேலே கல், கைவிரல் அளவு பிளந்தால் உள்ளே சிவப்பு. கீழே இறங்கி நின்றால் பூட்ஸ் அடி இளகி ஒட்டும். மழை பெய்தால் எல்லாம் ஆவியாகக் கிளம்பி முன்னால் உள்ள தகடே கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சில் மாட்டியிருக்கும் கருவி நச்சுக்காற்று என்று கத்த ஆரம்பித்தால் அத்தனையையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். காப்புக்காக டோசர் கண்ணாடியில் கட்டின தி செடி இலை ஒவ்வொரு நாளும் மத்தியானத்துக்குள் சுருண்டு கருகியது. தினமும் புதிது கட்டினேன்.

இருபதாம் நாள் ஃபூமிகோ ஆன்ட்டி செத்துப்போனாள். அரங்கில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, ஊர் பார்க்க. நேர்கோட்டில் போயிருந்தால் எட்டு நாள் அவள் தன் கட்டிலில் படுத்திருப்பாள். டகேயோ அங்கிள் அழவில்லை. அவள் செருப்பைத் துடைத்து ஜோடியாக வைத்துக்கொண்டே இருந்தார். அன்று எனக்குக் கொடுத்த ஸ்பாம் இறைச்சி வைத்த சோற்றுருண்டையை அப்படியே குப்பையில் போட்டேன். அண்ணி பார்த்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பிறகு என்மேல் வந்தது. செத்தவனுக்காக உயிரோடு இருந்தவளை ஏமாற்றிவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முப்பத்தொன்றாம் நாள் காலையில் திட்டு தெரிந்தது. லாவா அங்கே பன்னிரண்டடிச் சுவராக நின்றுவிட்டிருந்தது. கீழே முழங்கால் உயரப் புல், அதற்கு அப்பால் டகேயோ அங்கிளின் பப்பாளி மரங்கள், இலையெல்லாம் உதிர்ந்து கம்பங்களாக. கல்லைத் தள்ளிச் சரிவு போட்டால் வண்டி இறங்கிவிடும். அதோடு வேலை முடிந்தது. ஒரு தள்ளு தள்ளினேன். இரண்டாவது தள்ளு தள்ளினேன். கல்லோடு கல்லாக ஒரு நீல வாளி உருண்டு புல்லில் போய் விழுந்தது.

அந்த வாளியின் கைப்பிடி உடைந்து, பதிலுக்கு மஞ்சள் கயிறு கட்டியிருக்கும். கட்டினவன் நான்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவன் குப்புற விழுந்திருந்தான். பின்கதவு வழியாகக் காட்டுக்குள் ஓடியிருக்கிறான். காட்டைத் தாண்டியும் விட்டான். லாவா அவனுக்குப் பத்தடி பின்னால் நின்றுவிட்டது. நச்சுக்காற்றுத்தான் கொன்றிருக்கிறது. பத்து வாரத்துக்கு மேலாயிற்று, சட்டையும் எலும்பும்தான் மிச்சம். இடுப்புக்குக் கீழே நான் தள்ளின கல் மூடியிருந்தது. எந்தத் தலைமேல் ரோடு போடக்கூடாது என்று பொய் சொல்லி ஒரு கிழவியை வீடு போய்ச் சேரவிடாமல் அடித்தேனோ, அவன்மேல் நானே கல்லைத் தள்ளியிருக்கிறேன். கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்தேன். புதுக் கல் கண்ணாடி மாதிரி அறுக்கும். கையுறை கிழிந்தது, பிறகு கை கிழிந்தது.

வில்மா ஓடி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்க பொந்து இல்ல, இல்லையா?"

"இல்ல."

"வீடா?"

"ஆமா."

அவள் காகிதத்தை எடுத்தாள், பார்த்தாள், மடித்து வைத்துக்கொண்டாள். "பொந்துன்னு எழுதியாச்சு. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். போலீசைக் கூப்பிடுறேன்" என்றாள். போலீஸ் வருவதற்குள் வாளியை எடுத்து என் இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அதன் வாயை ஒரு சமையல் துணியால் மூடி இறுக்கிக் கட்டியிருந்தான். நான் பிரிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து ஏழு குடும்பமும் உள்ளே போனது. முதல் வண்டி டகேயோ அங்கிளுடையது. பக்கத்து இருக்கையில் ஃபூமிகோ ஆன்ட்டியின் சாம்பல் பெட்டி, அதற்கும் பெல்ட் போட்டிருந்தார். வளைவு முனையில் வண்டியை நிறுத்தி என் கட்டுப்போட்ட கையைப் பிடித்தார்.

"பொந்துல விழாம பத்திரமா போட்டியே, அது போதும்பா. அவளும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. 'அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும்'னு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் ஆறு வண்டி நின்றது. அவர் போய்விட்டார். இன்றுவரை சொல்லவில்லை.

அன்று மாலை வாளியை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். அரங்கு காலியாகிக்கொண்டிருந்தது. போக வீடு இல்லாதவர்கள் மட்டும் மிச்சம். எலும்பு கிடைத்தது அவளுக்குத் தெரியும், போலீஸ் சொல்லியிருந்தார்கள். வாளி தெரியாது. அவள் முதலில் மஞ்சள் கயிற்றைத்தான் பார்த்தாள்.

"எந்த இடத்துல கிடந்தார்?"

"டகேயோ அங்கிள் தோட்டத்துக்குப் பின்னாடி. புல்லு மேல. லாவா தொடல."

"நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ரெண்டு தள்ளு கல்லை அவன் மேலயே தள்ளிட்டேன் அண்ணி. தெரியாம."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு துணியின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே எனாமல் தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒன்றுகூடக் கழுவவில்லை. டாரோக் கிழங்குக் களி ஓரத்தில் காய்ந்து தோலாகியிருந்தது.

"கரண்டு போயிருக்கும். மோட்டார் ஓடாம குழாய்ல தண்ணி வந்திருக்காது" என்றாள். "அப்படியே வுட்டுட்டு வரவேண்டியதுதானே. யாரு கேட்டா?"

"நீதான் கேட்டிருப்ப."

"ஆமா. கேட்டிருப்பேன்." அவள் உதடு கோணியது. "நான்தானே அனுப்பினேன்."

"நான்தானே விட்டேன்."

கழுவ முடியாத தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான், பெலே வரும்போது சிங்க் காலியாக இருக்க வேண்டும் என்று. இரண்டு கையையும் வீசி ஓட வேண்டிய நேரத்தில் ஒரு கையில் வாளி.

வெளியே குழாயடிக்குப் போனோம். அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதல் தட்டைக் கழுவினாள். அவனுடையது. அடுத்து அவளுடையது. தேய்த்துத் தேய்த்து, துடைத்து, பக்கத்தில் சாய்த்து வைத்தாள். மூன்றாவதைக் கையில் எடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். அதில் ஓரமாக ஒரு மீன் முள். லாவா வந்த அன்று காலையில் சாப்பிட்டுவிட்டு நான் ஒதுக்கி வைத்துப் போனது.

அவள் அதை என்னிடம் நீட்டினாள்.

"உன் தட்டை நீ கழுவு."

வாங்கிக் கழுவினேன். காய்ந்த களி லேசில் விடவில்லை. கைக்கட்டை அவிழ்த்துவிட்டு நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.